ஆணியில் கை வைக்குமுன்

பழைய சவரக்கத்தியைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் எல்லோரும் முதலில் அலகைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்தக் கல்லில் தீட்டுவது, தோல்வாரில் எத்தனை இழுப்பு என்று. பிடியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் நூறு வருடக் கத்திக்கு நோய் வந்தால் பெரும்பாலும் பிடியில்தான் தொடங்குகிறது. கொம்பைப் பூச்சி அரிக்கும், ஆணி தளரும், செல்லுலாய்டு அமிலம் கக்கி எஃகைத் தின்னும். எய்ட்ஸ் பயம் பரவிய பிறகு நம் ஊர் சலூன்களில் பாதி பிளேடு சொருகும் கத்தி வந்துவிட்டது. அதற்கு முன் ஓடிய ஷெஃபீல்டு, சோலிங்கன் கத்திகள் தகர டப்பாக்களிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடக்கின்றன. அப்படி ஒன்றைக் கையில் எடுத்திருக்கிற தம்பிக்கோ தங்கைக்கோ இதைச் சொல்கிறேன்.

1. கத்தியை மூடி மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் பார். இரண்டு தகடுகள். தலைப்பக்கம் அலகின் அடிக்கட்டையைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி. அதில்தான் கத்தி திறந்து மூடுகிறது. வால்பக்கம் தகடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஆப்பு, அதற்கும் ஓர் ஆணி. சில பிடிகளில் நடுவிலும் ஒன்று இருக்கும். இவ்வளவுதான் உறுப்புகள். ஆனால் இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஆணி போகும் இடத்தில் அடிக்கட்டை ஐந்து, ஆறு மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஆப்பு ஏறக்குறைய அதில் பாதி. அதனால் தகடுகள் வாலை நோக்கி நெருங்கி, லேசாக வளைந்து, ஒரு இறுக்கத்தோடு நிற்கின்றன. திறந்த அலகு தானாக ஊசலாடாமல் நிற்பதும், மூடும்போது நடுவில் வந்து அமர்வதும் இந்த இறுக்கத்தால்தான். பிடியில் நீ என்ன வேலை செய்தாலும் அந்த இறுக்கம் தப்பியதா, போயிற்றா என்று கடைசியில் பார்க்க வேண்டும்.

2. பிடி எதனால் ஆனது என்று தெரியும்வரை அதை வெந்நீரில் போடாதே, எண்ணெயில் ஊறவைக்காதே, அசிட்டோன் தொட்டுத் துடைக்காதே. கறுப்பாக இருக்கிற பிடி கொம்பாக இருக்கலாம், எபோனைட்டாக இருக்கலாம், செல்லுலாய்டாக இருக்கலாம், கருங்காலியாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு விஷம்.

கொம்பை டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடி. மெலிந்த ஓரத்தில் பழுப்பாக ஒளி ஊடுருவும். நார் நாராகக் கோடு தெரியும். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய ரப்பர். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து மோந்தால் கந்தக வாடை வரும். எபோனைட் பேனாவில் எழுதுகிறவர்களுக்கு அந்த வாடை பழக்கம். வெயில் பட்ட மேல்புறம் பச்சை கலந்த பழுப்பாக மங்கியிருக்கும், அலகு மறைத்த உட்புறம் கறுப்பாகவே இருக்கும். செல்லுலாய்டைத் தேய்த்தால் கற்பூரம் மணக்கும். கற்பூரம் கலந்துதான் அதைச் செய்தார்கள்.

வெள்ளைப் பிடியில் வேறு குழப்பம். எலும்பு என்றால் ரத்தக்குழாய் ஓடிய தடங்கள் கறுப்புப் புள்ளியாகவும் சிறு கீறலாகவும் தெரியும். தந்தத்தில் அந்தப் புள்ளிகள் இராது. நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஒழுங்கில்லாமல் நெளியும். குறுக்குவெட்டு தெரிகிற இடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வளைகோடுகள் இருக்கும். 'பிரெஞ்சு ஐவரி' என்ற பெயரில் விற்ற செல்லுலாய்டில் கோடுகள் எல்லாம் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் சம இடைவெளியில் ஓடும். அவ்வளவு ஒழுங்கு யானைக்கு வராது.

காய்ச்சிய ஊசியைக் குத்தி வாடை பார்க்கச் சொல்கிற ஆட்கள் உண்டு. அந்தச் சோதனையை உன் பட்டறையில் நுழையவிடாதே. செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். வேறெதுவாக இருந்தாலும் ஆறாத வடு.

3. செல்லுலாய்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஜான் வெஸ்லி ஹயாட் என்ற அமெரிக்கர் 1870இல் இதன் செய்முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பில்லியர்ட்ஸ் பந்துக்குத் தந்தத்தை விட்டு வேறொன்றைத் தேடிப் போனதில் கிடைத்த பொருள் இது. நைட்ரோசெல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்த கலவை. ஆமை ஓடு, தந்தம், மூங்கில் எதன் வேஷம் வேண்டுமானாலும் போடும், விலையும் மலிவு. கத்தி செய்கிறவர்கள் விடுவார்களா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் முன்பாதியிலும் வந்த கத்திகளில் பாதிக்கு மேல் உனக்குச் செல்லுலாய்டு பிடியோடுதான் கிடைக்கும். பழைய சினிமாச் சுருளும் இதே குடும்பம். புரொஜெக்டர் அறைகள் தீப்பற்றிய பழைய கதைகளுக்கெல்லாம் காரணம் இதுதான். மேசைப்பந்தாட்டப் போட்டிகளில் 2014 வரை செல்லுலாய்டு பந்துதான் துள்ளியது.

இதன் குணக்கேடு, வயதானால் தன்னைத் தானே சிதைத்துக்கொள்ளும். நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்கள் கசியும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அது நைட்ரிக் அமிலமாகும். அடையாளங்கள் இவை: தகட்டுக்குள்ளே கண்ணாடி நொறுங்கியதுபோல் விரிசல் வலை, ஆணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, மூக்கைச் சுருக்கவைக்கிற புளிப்பு நெடி, எல்லாவற்றையும்விட, அலகில் பிடிக்குள் மறைகிற பகுதி மட்டும் துரு தின்று, வெளியே நிற்கிற அடிக்கட்டை பளிச்சென்று இருப்பது. ஒளி ஊடுருவுகிற வகை, அதாவது போலி ஆமை ஓடு, ஆம்பர் நிறம், முதலில் கெடுகிறது. வெப்பமும் புழுக்கமும் சேர்ந்தால் இன்னும் வேகம். நம் கடற்கரை ஊர்களில் மூடிய பீரோவுக்குள் வைத்த செல்லுலாய்டுக்கு இரண்டும் குறைவில்லாமல் கிடைக்கின்றன.

சிதையத் தொடங்கியதற்கு வைத்தியம் கிடையாது. ஒட்டு, எண்ணெய், மெழுகு எதுவும் நிறுத்தாது. அன்றைக்கே ஆணியைக் கழற்றி அலகை வெளியே எடு. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலகைக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவு. பிடியின் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, பழைய தகடுகளை மற்ற கத்திகளிடமிருந்து பிரித்துவிடு. ஒரே பெட்டியில் வைத்தால் அந்த வாயு பக்கத்துக் கத்திகளையும் கெடுக்கும். தகடுகளைக் கொளுத்தாதே. தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு வீட்டுக்கு வெளியே வைத்து, ஈரத்தோடு அப்புறப்படுத்து.

நோய் இல்லாத செல்லுலாய்டில் விரிசல் மட்டும் இருந்தால் மகிழ்ச்சியான வேலை. அசிட்டோன் அதைக் கரைக்கும். மெல்லிய தூரிகையால் விரிசலுக்குள் ஒரு சொட்டு விட்டு அழுத்திக் கட்டினால் இரண்டு பக்கமும் இளகி ஒன்றோடொன்று கலந்துவிடும். பசை ஒட்டியதுபோல் கோடு நிற்காது. பள்ளம் இருந்தால் அதே நிறச் செல்லுலாய்டுத் துகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பு. வெள்ளைக்குப் பழைய மேசைப்பந்து உதவும். ஒரே தடவையில் அப்பினால் உள்ளே ஈரம் நின்று, மேலே சுருங்கிக் குழி விழும். சில நாள் காயவிட்ட பிறகே உப்புத்தாள். அறை ஜன்னல் திறந்திருக்க வேண்டும், விளக்கோ ஊதுபத்தியோ கூடாது. இதையெல்லாம் கையால் மட்டும் செய். பஃபிங் சக்கரத்தின் சூடு செல்லுலாய்டைப் பற்றவைக்கப் போதும்.

4. பிரிப்பதற்கு முன் அடிக்கட்டையில் என்ன பொறித்திருக்கிறது என்று படி. நாடு எது என்ற பெயர் இருந்தால் அது ஒரு தடயம். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு, அங்கே போகிற சரக்கில் உற்பத்தி நாட்டைக் குறிப்பது கட்டாயமானது. 'இங்கிலாந்து', 'ஜெர்மனி' என்று இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தைய கத்தி. 'ஷெஃபீல்டு' என்று ஊர்ப் பெயர் மட்டும் நின்றால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். கிரீடத்தின் இரு பக்கமும் வி, ஆர் எழுத்துகள் நின்றால் விக்டோரியா காலம், 1837 முதல் 1901 வரை. டபிள்யூ, ஆர் என்றால் நான்காம் வில்லியம். அவர் ஆண்டது 1830 முதல் 1837 வரைதான், அதனால் அது குறுகிய காலம், அரிது. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் ஜோசப் ராஜர்ஸ் கம்பெனி முத்திரை. இரட்டையர் உருவம் சோலிங்கன் ஹென்கெல்ஸ்.

இதை ஏன் பிடி வேலையில் சொல்கிறேன்? பழைய கத்தியில் அசல் பிடி, அசல் ஆணி, அசல் ஆப்பு மூன்றும் சேர்ந்துதான் மதிப்பு. 1830களின் கத்திக்குப் பளபளவென்று புதுப் பிடி போட்டுக் கொண்டுவந்து காட்டினால் எனக்கு எரிச்சல்தான் வரும். அதுவே 1930களில் லட்சக்கணக்கில் வந்த கத்தி என்றால் உன் இஷ்டம்.

5. தந்தம், ஆமை ஓடு: தொடுவதற்கு முன் சட்டம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1986, 1991 திருத்தங்களும் தந்த வியாபாரத்தை முழுக்க மூடிவிட்டன. வாங்காதே, விற்காதே. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்கு 1989இல் தடை முடிவானது. அனுமதியில்லாமல் தந்தப் பிடிக் கத்தியை எல்லை தாண்டி எடுத்துப்போனால் பறிபோகும். தாத்தா வைத்திருந்தது என்ற பேச்சு சுங்க அதிகாரியிடம் எடுபடாது.

6. ஆணி தளர்ந்திருக்கிறது என்பதற்காக மட்டும் பிடியைப் பிரிக்காதே. ஆணித் தலையின் ஒரு பக்கத்தை இரும்புக் கட்டையின் மேல் வைத்து, மறுபக்கத் தலையை லேசாக, மிக லேசாகத் தட்டு. நாலு தட்டு, திறந்து பார். மறுபடி நாலு தட்டு. பத்தில் ஆறேழு கத்திகளுக்கு இதோடு வேலை முடிந்தது.

7. கத்தி வாய்க்கு மூன்று சுற்று மாஸ்கிங் டேப். பிடி வேலைதானே என்று வாயை மறந்தவன் விரலை மறக்கமாட்டான். கொம்பு, எலும்பு, சிப்பித் தூள் எதுவும் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போடு, ஈரமாகத் தேய். அலகு மாட்டிய பிடியைச் சக்கரத்தில் பிடிக்கவே பிடிக்காதே. சக்கரம் அலகைப் பிடுங்கி எறியும். எந்தத் திசையில் எறியும் என்று அதற்கே தெரியாது.

8. பிரித்தே ஆக வேண்டும் என்றால் அவசரப்படாதே. ஆணித் தலைக்கு அடியில் இருக்கிற வாஷரைச் சுற்றி டேப் ஒட்டு. மெல்லிய பித்தளைத் தகட்டில் துளை போட்டு அதை வாஷர் மேல் கவிழ்த்தால் இன்னும் நல்லது. அரம் வழுக்கினாலும் பிடி பிழைக்கும். ஆணித் தலை வாஷரோடு சமமாகும்வரை சின்ன அரத்தால் ராவு. பிறகு ஆணியின் நடுவில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வைத்து, 1.5 மி.மீ. டிரில் பிட்டால் மெதுவாக, வாஷரின் கனம் அளவுக்கு மட்டும் துளை. பிடியின் மறுபக்கம் துளை போட்ட மரக்கட்டை மேல் உட்கார வேண்டும், ஆணி கீழே இறங்க வழி வேண்டும். பஞ்சால் தட்டினால் இறங்கும். இறங்கவில்லையென்றால் உள்ளே ஆணி வளைந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் துளை, பலம் காட்டாதே. தகட்டை நெம்பிப் பிரிக்க ஸ்க்ரூடிரைவர் சொருகுகிறவர்களுக்குப் பிறகு சொல்ல வேண்டியது பத்தாவதில் இருக்கிறது.

பழைய இங்கிலீஷ் கத்திகள் சிலவற்றில் வாஷரே இராது. ஆணித் தலை நேரே கொம்பின் மேல் உட்கார்ந்திருக்கும். அங்கே அரம் பிடிப்பதற்கு இரட்டைப் பொறுமை வேண்டும். வாஷர் இருந்தால் கழற்றியதைப் பத்திரப்படுத்து. அந்த அளவில் குவிந்த வாஷர் இன்று கடையில் சுலபமாகக் கிடைக்காது.

9. கொம்பு. எனக்குப் பிடித்த பொருள், அதனால் பாரபட்சம் இருக்கும். ஷெஃபீல்டில் கொம்பைச் சூடாக்கி அச்சில் அழுத்திப் பிடி செய்தார்கள். அதற்கான எருமைக் கொம்பு இந்தியாவிலிருந்தும் கப்பலேறியது. நம் ஊர் எருமை அங்கே போய்ப் பிடியாகி, சலூன்காரர் பெட்டியில் திரும்பி வந்திருக்கிறது. கொம்பு நம் நகம்போலவே கெரட்டின். அதன் நோய்கள் நாலு: பூச்சி அரிப்பு, அடுக்குப் பிரிவது, விரிசல், கோணல்.

பூச்சி என்றால் கம்பளத்தையும் பட்டையும் தின்கிற அந்தச் சின்ன வண்டின் புழுதான். ஓரத்தில் நெளிநெளியான பள்ளம் போட்டிருக்கும். பள்ளத்தைப் பல் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, அசிட்டோன் துடைத்து, ஃபெவிக்விக் மாதிரி தண்ணீர்ப் பதப் பசையில் கொம்புத்தூளைச் சேர்த்து நிரப்பு. தூள் வேண்டுமென்றால் உடைந்த கொம்புத் துண்டை அரத்தால் ராவினால் வரும். கறுப்புக் கொம்புக்குக் கறுப்புத் தூள், பழுப்புக்குப் பழுப்பு. தூள் முதலில், பசை பிறகு. சொட்டு விட்டதும் பசை தானே உள்ளே இழுக்கும். பள்ளத்தை மேட்டுக்கு மேல் கொஞ்சம் நிற்கும்படி நிரப்பி, பிறகு தேய்த்துச் சமப்படுத்து.

அடுக்குப் பிரிந்திருந்தால் மெல்லிய பிளேடு நுனியால் திறந்து பசையை ஓடவிட்டு, மெழுகுத்தாள் வைத்து வைஸில் பிடி. பசை நன்றாகப் பிடிக்க வேண்டுமென்றால் கொம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது. காய்ந்த கொம்பைக் கண்டதும் முதலில் எண்ணெயில் ஊறப்போடுகிறவர்கள் பிறகு பசை ஒட்டவில்லை என்று புலம்புவது இதனால்தான். ஒட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகு எண்ணெய்.

கோணல் தகட்டை நேராக்கச் சூடு வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் விட்டால் கொம்பு இளகும். எடுத்து இரண்டு தட்டையான பலகைக்கு நடுவே இறுக்கி இரவு முழுக்க விடு. சற்று மறுபக்கம் வளைத்தே இறுக்கு. விட்டதும் கொஞ்சம் பின்வாங்கும். ஆனால் பூவேலை, உருவம், சித்திரம் அச்சில் அழுத்திய கொம்பாக இருந்தால் வெந்நீர் பக்கம் கொண்டுபோகாதே. அழுத்துவதற்கு முன் இருந்த நிலைக்கே கொம்பு திரும்பப் பார்க்கும். சித்திரம் உப்பி மழுங்கும். எபோனைட்டும் வெந்நீரில் நிறம் மாறிப் பழுப்பாகிவிடும். தந்தமும் எலும்பும் வெடிக்கும். வெந்நீர் சாதாரணக் கொம்புக்கு மட்டும்.

எண்ணெய்க்கு நீட்ஸ்ஃபுட் ஆயில் சிறந்தது. மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது. தோல் வேலைக்காரர்கள் பயன்படுத்துவார்கள். கிடைக்காவிட்டால் மினரல் ஆயில். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடித்து நாறும்.

10. ஆணித் துளை வழியாக ஓடுகிற விரிசல்தான் இந்தத் தொழிலில் மிகக் கெட்டது. இழுவிசை முழுக்க அங்கேதான் விழுகிறது. வெறும் பசை அங்கே நிற்காது. தண்ணீர்ப் பதப் பசை காய்ந்தால் கண்ணாடி குணம், சுத்தியல் தட்டலில் விட்டுப்போகும். விரிசலைப் பசையால் மூடிய பிறகு, தகட்டின் உட்புறத்தில், துளையைச் சுற்றி அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் ஒரு படுக்கை செதுக்கு. அதில் மெல்லிய பித்தளைத் தகடோ கொம்புச் சீவலோ வைத்து அரால்டைட்டால் ஒட்டு. ஐந்து நிமிட அரால்டைட் வேண்டாம், ஒரு நாள் காய்கிறது எடு. இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு. ஒட்டும் இரண்டு பக்கத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிவிடு. காய்ந்ததும் அந்தத் தகட்டோடு சேர்த்துப் புதிதாகத் துளை போடு. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

துளை மட்டும் பெரிதாகிப்போயிருந்தால் இவ்வளவு வேண்டாம். கொம்பில் ஒரு முளை செய்து அடைத்து, மறுபடி 1.6 மி.மீ. துளை போடு. அடிக்கட்டைத் துளை தேய்ந்து பெரிதாகியிருந்தால் பித்தளைக் குழாய்த் துண்டு சொருகு.

11. ஆப்பை எடுத்து நகத்தால் கீறிப் பார். கோடு விழுந்து பளபளத்தால் ஈயம். பழைய ஷெஃபீல்டு கத்திகளில் ஈய ஆப்பு சகஜம். பல வருடங்களில் அது வெண்பொடியாகப் பூத்து உப்பும், கொம்பைப் பிளக்கும். அந்தப் பொடி விஷம். உலர்ந்தபடி தேய்க்காதே, ஊதாதே, ஈரத்துணியால் துடைத்து, கையை சோப்பால் கழுவு. குழந்தைகள் இருக்கிற வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்த வேலையே வேண்டாம். கெடாத ஈய ஆப்பு அசல் என்றால் இருக்கட்டும். கெட்டதென்றால் கொம்பில் புதிது செய்.

ஆப்பு வாலை நோக்கித் தடித்து, உள்ளே வரவர மெலிய வேண்டும். எவ்வளவு என்பதைக் கத்திதான் சொல்லும். மெலிதாகிப்போனால் தகடுகள் உள்ளே நெருங்கி அலகைத் தொடும். தடித்துப்போனால் இறுக்கம் போய் அலகு தொங்கும். உட்கார்ந்து தேய்த்து, பொருத்தி, எடுத்து, மறுபடி தேய்க்கிற வேலை. சுருக்குவழி கிடையாது.

12. ஒரு தகடு மட்டும் நொறுங்கிப்போயிருந்தால் ஒன்றைச் செய்வதா, இரண்டையும் மாற்றுவதா? நல்ல தகட்டை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் செய்யச் சொல்வேன். நிறம் சற்று மாறினாலும் பாதி அசல் மிஞ்சும். இரண்டும் புதிதென்றால் தகடுகளை இருபக்க டேப்பால் ஒட்டி ஒன்றாக அறுத்து, ஒன்றாகத் துளைத்து, ஒன்றாகத் தேய். கனம் 2.5 முதல் 3 மி.மீ. மூடியபின் அலகின் வாய் முழுக்க மறைய வேண்டும், நுனி ஆப்பில் இடிக்கக் கூடாது. துளை போடுமுன் அலகைக் காகிதத்தின் மேல் வைத்து மூடியும் திறந்தும் வரைந்து பார்.

எருமைக் கொம்புத் தகடு உத்தரப் பிரதேசத்துச் சம்பலில் கிடைக்கும். கொம்பு வேலைக்குப் பேர் போன ஊர். மரம் வேண்டுமென்றால் கருங்காலி. ஆனால் கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு கருஞ்சாயம் ஏற்றிய மரமும் அதே பெயரில் விலை போகிறது. ஓரத்தைச் சீவி உள்நிறம் பார்த்து வாங்கு. அக்ரிலிக்கும் நன்றாகத்தான் உழைக்கும், எனக்குத்தான் பிடிக்காது.

13. ஆணி அடிப்பது. 1.6 மி.மீ. கம்பி, பித்தளை அல்லது ஜெர்மன் சில்வர். முதல் கத்திக்குப் பித்தளையே எடு, மென்மை. முதலில் ஆப்புப் பக்கம் அடி. தலைப்பக்கம் அதே அளவு சின்ன போல்ட்டும் நட்டும் போட்டுத் தற்காலிகமாக மாட்டி, திறந்து மூடிப் பார். அலகு நடுவில் வருகிறதா? நுனி ஒரு பக்கம் சாய்ந்தால் ஆப்பின் அந்தப் பக்கமோ எதிர்ப்பக்கமோ ஒரு தேய்ப்பு கேட்கிறது என்று பொருள். இப்போதே தீர்த்துவிடு, ஆணி அடித்த பிறகு தீராது. அடிக்கட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே இரு பக்கமும் மெல்லிய வெண்கல வாஷர் போட்டால் அசைவு வழவழப்பாகும்.

திருப்தியானதும் போல்ட்டை எடுத்துக் கம்பியைச் சொருகு, வெளி வாஷர்களைப் போடு. ஒவ்வொரு பக்கமும் வாஷருக்கு மேல் கம்பியின் கனத்தில் பாதி, அதாவது 0.8 மி.மீ. மட்டும் நிற்கட்டும். அதிகம் விட்டால் கம்பி மடங்கும், குறைவாக விட்டால் தலை பிடிக்காது. வெட்டிய முனையை அரத்தால் சமமாக்கு. தட்டான் பட்டறையில் இருக்கிற மாதிரி சின்ன உருண்டைமுனைச் சுத்தியல், நூறு கிராமுக்கு மேல் வேண்டாம். தலையின் நடுவில் அடிக்காதே. ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டு, கத்தியைத் திருப்பிக்கொண்டே. நாலைந்து தட்டு ஒரு பக்கம், பிறகு கவிழ்த்து மறுபக்கம். சத்தம் உனக்கே வழி சொல்லும்: மந்தமாகக் கேட்கும்வரை கம்பி இன்னும் உட்காரவில்லை, கணீரென்று மாறினால் இறுகிவிட்டது. அதற்கு மேல் ஒரு தட்டுகூட வேண்டாம். கொம்பு பிளப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி அனாவசியத் தட்டில்தான். அலகு எந்தக் கோணத்தில் விட்டாலும் தானே விழாமல், விரல் பட்டதும் நகர வேண்டும். அவ்வளவு இறுக்கம் போதும்.

ஓர் இரவு கழித்து மறுபடி பார். கொம்பு கொஞ்சம் இளகிக் கொடுத்திருக்கும், ஒரு சின்னத் தட்டு மிச்சம் இருக்கலாம்.

14. பளபளப்பு: வாட்டர் பேப்பர் 400, 600, 1000, 2000 என்று போ. ஒன்றின் கோடு மறையாமல் அடுத்ததற்குத் தாவாதே. கடைசியில் மெட்டல் பாலிஷ், பருத்தித் துணி. அச்சுச் சித்திரம் உள்ள பிடியில் இது எதுவும் வேண்டாம், பிரஷ்ஷும் எண்ணெயும் போதும். எபோனைட்டைத் தேய்த்தால் மங்கிய மேல்தோல் போய்க் கறுப்பு வரும். கூடவே வடிவத்தின் கூர்மையும் போகும். எவ்வளவு போகலாம் என்பதைத் தீர்மானித்துக்கொண்டு தொடங்கு.

15. கத்தி பிறர் முகத்தில் ஓடியது என்பதை மறந்துவிடாதே. அலகை 70 சதவீத ஆல்கஹாலால் துடை. பிடியில் படாமல் பார்த்துக்கொள், செல்லுலாய்டு இளகும். உரியவரிடம் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல். சவரம் முடிந்தால் பிடிக்குள் தண்ணீர் போகாமல் அலகை மட்டும் அலசித் துடைக்க வேண்டும். திறந்தபடியே சற்று நேரம் உலரவிட்டு மூட வேண்டும். கொம்பு என்றால் வருடத்துக்கு ஓரிரு முறை எண்ணெய் தடவி, வேப்பிலையோ நாப்தலினோ போட்ட டப்பாவில் வைக்கலாம்; செல்லுலாய்டு என்றால் மூடிய டப்பாவே கூடாது, காற்று ஓட வேண்டும். கழற்றிய ஆணி, வாஷர், உடைந்த கொம்புத் துண்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, எதை மாற்றினாய் என்று எழுதி, அவரிடமே கொடுத்துவிடு. கெட்ட செல்லுலாய்டை மட்டும் கவரில் போடாதே.